என் பெயரில் போட்ட சாப்பாடு

அக்கா, நடந்தது அத்தனையையும் நான் முன்கூட்டியே சொன்னவன். கம்பெனி வரும், சிரித்துப் பேசும், நம் கையாலேயே சங்க மண்டபத்தை வாங்கிக்கொண்டு போகும் என்று அன்றைக்கே விரல் நீட்டிச் சொன்னேன். நம் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டை டீக்கடையில் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

இன்று காலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஈர சிமெண்ட் வாசம் மூக்கில் ஏறியது. மண்டபம் நின்ற இடத்தைச் சுற்றி நீலத் தகரம் அடைத்திருக்கிறார்கள். உள்ளே நாலாவது மாடி எழும்பிவிட்டது. அண்ணாந்து பார்த்ததும் உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது. பேச நீங்கள் இல்லை. அதனால் எழுதுகிறேன். நான் எழுதும் நோட்டீசையெல்லாம் திருத்தித் தருவீர்கள். இதில் உள்ள பிழை பிழையாகவே இருக்கட்டும்.

நம் தாத்தாக்கள் பர்மா ரயில்வேயில் கரி அள்ளிய கையால் கட்டிய மண்டபம் அது. ஒற்றை அறை வீட்டுக்காரனுக்குக் கல்யாணமும் அங்கேதான், கருமாதியும் அங்கேதான். இடத்தை நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுத்தால் அடுக்குமாடி கட்டி, அதில் நமக்கும் ஒரு பெரிய கூடம் தருவதாகக் கம்பெனி கேட்டு வந்தது. கொடுப்பதா வேண்டாமா என்று சங்கத்தில் ஓட்டு வைத்தார்கள். நம் ஓட்டு எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மண்குடம், வாயில் துணி. மஞ்சள் பூசிய குடம் 'கொடுக்கலாம்', பூசாத குடம் 'வேண்டாம்'. குடும்பத்துக்கு ஒரு கொட்டைப்பாக்கு.

செயலாளராக இருந்த நீங்கள் தின்கன்ஜூனிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து கமிட்டியில் உட்கார்ந்தது கண்ணிலேயே நிற்கிறது. முனிசிபல் ஆபீசில் முப்பது வருடம் குமாஸ்தா வேலை பார்த்தவர், குரலை உயர்த்தவே மாட்டீர்கள்.

"கேள்வி நம்மளோடது. அதுக்கு வர்ற பதில்ல லாபம் பாக்குறவன், ஓட்டு முடியிற வரைக்கும் நம்ம இலையில சோறு போடக் கூடாது" என்றீர்கள்.

தருமம் செய்கிறவனைத் தடுப்பது பாவமில்லையா என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"ஓட்டுக்கு மறுநாள் போடட்டும். நானே பரிமாறுறேன்" என்றீர்கள். கமிட்டியே சிரித்துவிட்டது.

கட்டுப்பாடு எழுதி ஒட்டப்பட்டது. வெளியார் எதுவும் கொடுக்கக் கூடாது. உறுப்பினர் கொடுக்கலாம். ஆனால் கோயில் உபயம் மாதிரி, கொடுத்தவர் பெயரை மைக்கில் வாசித்துவிட வேண்டும். கம்பெனி அனுப்பிய குடையையும் காலண்டரையும் அப்படியே திருப்பி அனுப்பினீர்கள். மூன்று டாக்சி நிறைய இருந்தது. அத்தனையையும் ஏற்றியவன் நான் ஒருவனே.

அந்த வாரம்தான் கம்பெனிக்காரர் டீக்கடைக்கு வந்தார். என்னை 'ஊ' போட்டு, ஊ முத்தையா என்று பெரிய மனிதர்களை அழைக்கிற மாதிரி அழைத்தார். தோசை ஒன்று, எனக்குப் பிடித்த கெட்டி டீ ஒன்று. உறுப்பினர் சாப்பாடு போடக் கட்டுப்பாடு தடை சொல்லவில்லையே என்று பர்மியத்தில் மெதுவாகக் கேட்டார். செலவு எங்களுடையது, பெயர் உங்களுடையது என்றார்.

அக்கா, இருபது வருடமாக அந்த மைக்கில் உபயதாரர் பெயர் வாசித்தவன் நான். அரிசிக் கடைக்காரர் பெயர், தங்கக் கடைக்காரர் பெயர், மாவ்பியில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர் பெயர், எல்லாம் என் வாயால்தான் மண்டபத்தில் முழங்கின. என் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. சரி என்றேன்.

ஓட்டு நாளன்று வடை, பாயசத்தோடு சாப்பாடு. வரிசை ரயில்வே கேட் வரை நின்றது. என் பெயரை நானே இரண்டு தடவை வாசித்தேன். கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள், கூடம் நிச்சயம் வரும் என்று நாலு வார்த்தையும் சேர்த்துச் சொன்னேன். சொந்தக் காசில் ஊருக்கே சோறு போடுகிறவன் சொன்னால் கேட்பார்கள்தானே.

நீங்கள் இலையைத் தொடாமல் எழுந்து என்னிடம் வந்தீர்கள்.

"தம்பி, இது உன் உபயமா?"

"ஆமாக்கா."

"மைக்குல சொல்லு."

சொன்னேன். நீங்கள் திரும்பிப் போய் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். இலையில் ஒரு பருக்கை மீதி இல்லை. சந்தேகம் இருந்திருந்தால் சோற்றில் கை வைத்திருக்க மாட்டீர்கள். என் வாய்ச்சொல்லை நம்பிச் சாப்பிட்டீர்கள்.

மஞ்சள் குடம் கனத்தது.

மறுநாள் பாத்திரம் எடுக்க வந்த சமையல்காரர், பாக்கியைக் கம்பெனியில் யாரிடம் வாங்குவது என்று உங்களிடமே வந்து கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். திட்டுவீர்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"பேரு வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே தம்பி. என் உபயத்தை உன் பேர்ல போட்டிருப்பேன்" என்றீர்கள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

ஓட்டைச் செல்லாததாக்கச் சொல்லிக் கமிட்டியில் கேட்டீர்கள். கட்டுப்பாட்டை மீறினால் ஓட்டுச் செல்லாது என்று எங்கே எழுதியிருக்கிறது என்று திருப்பிக் கேட்டார்கள். எங்கேயும் எழுதவில்லை. "பேரை வாசிச்சாப் போதும்னு நெனச்சேன், அது என் தப்பு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தீர்களாம். தப்பு உங்களுடையதா, அக்கா?

கூடம் வரவில்லை. வரைபடத்தில் அது கார் நிறுத்துமிடமாக மாறிவிட்டது. நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தபோது பார்க்க வந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாட்டி வேற ஒருத்தனைப் பிடிச்சிருப்பான், விடு தம்பி" என்றீர்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறேன்.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் தெருவில் நடந்தது. மழைக்குத் தார்ப்பாய் கட்டி, இரண்டு காருக்கு நடுவில் பிண்டம் வைத்தோம். உங்கள் மகளுக்குத் தமிழ் தடுமாறும். ஐயர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தி, "அம்மா சொல்லிட்டே இருந்த மண்டபம் எது மாமா?" என்றாள். தெருக்கோடித் தகரத்தைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, நிறுத்திய இடத்திலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினாள்.

போன மாதம் இன்னொரு கம்பெனி வந்தது. இந்தத் தடவை நம் சுடுகாட்டு நிலத்துக்கு. மறுபடியும் குடம், மறுபடியும் பாக்கு. நான் கமிட்டிக்குப் போய் மைக்கைக் கேட்டு வாங்கினேன். உங்கள் கட்டுப்பாட்டோடு ஒரு வரி சேருங்கள் என்றேன்: உபயதாரர் பெயருக்குப் பின்னால் வேறொருவர் காசு இருந்தால் ஓட்டுச் செல்லாது. அப்படியெல்லாம் யார் செய்வார்கள் என்றார்கள். நான் செய்தேன் என்றேன்.

மண்டபம் போன பிறகு பள்ளிக்கூட அறையில் கூடுகிறோம். சின்ன அறை. எல்லோர் முகமும் பக்கத்தில் தெரிந்தது. பின்னாலிருந்து ஒருவர், "அக்கா உன்னை என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னதைச் சொன்னேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். அக்காவே மன்னித்த பிறகு நாம் யார் என்று சொல்லி அந்த வரியை ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் கட்டுப்பாடு இப்போது முழுசாகிவிட்டது.

அந்த ஒன்றை மட்டும் நான் இட்டுக்கட்டிச் சொன்னேன், அக்கா. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தது உண்மை. அறைக் கதவு திறந்திருந்தது. நீங்கள் வாசல் பக்கம் முகம் வைத்து, விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தீர்கள். நான் பையைச் சுவரோரம் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். நீங்கள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.