வெறிப்பயறு தின்ற குதிரைகளைக் கொல்லும்படி வல்லரணக் கோட்டைக்கு விடுத்த ஓலை

நிலம் நனைக, அரண் நிலைக்க. கொடும்பை நாடு முழுதும் ஆள்பவரும், மணலாற்றுத் துறை காத்தவரும், கூர்மலையார் கொடி கிழித்தவருமாகிய விடங்கன் பெருநம்பி, தம் உடன்பிறந்தாள் மகனும் வல்லரணக் கோட்டைத் தலைவனுமாகிய ஏழிலன் சாத்தனுக்கு விடுக்கும் ஓலை. உன் சுவருக்கும், சுவர்மேல் நிற்கும் ஆளுக்கும், அவன் கையிலுள்ள வேலுக்கும் குறைவு வாராதிருப்பதாக. வாழ்த்து இவ்வளவு போதும். இன்னும் நாலு வரி சேர்க்கட்டுமா என்று எழுதுகிறவன் கேட்டான். வேண்டாம் என்றோம். கூர்மலையார் படை உன் பக்கம் நடந்துகொண்டிருக்கிறது.

செய்தி இது. உன் லாயத்தில் நிற்கும் குதிரைகள் அத்தனையையும் இவ்வோலை கண்ட பொழுதே கொன்றுவிடு.

காரணம் சொல்லாவிட்டால் நீ செய்யமாட்டாய். ஆகையால் கேள். போன கோடையில் மேய்ச்சல் கருகிக் கிடந்தபோது, கூர்மலையார் சமாதானம் என்று சொல்லித் தூதன் ஒருவனை அனுப்பினார்களே, அவன் ஒரு விதை மூட்டை கொண்டுவந்தான். மேலைக் கடலுக்கும் அப்பால் கள்ளியும் கல்லுமாய்க் கிடக்கும் வறண்ட தேசத்தில் முளைக்கும் பயற்றுச் செடி, மழை கேட்காது, குதிரைக்கு நல்ல தீனி என்றான். அமைச்சர் பொதுவனார் மகிழ்ந்தார். விதைத்தோம், உனக்கும் பாதி அனுப்பினோம். அவுரி போல் இலை, ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாய்ப் பூ, ஆட்டினால் கிலுகிலுக்கும் காய். கரிந்த தரையில் அது பூத்து நின்ற அழகைப் பார்க்க அரண்மனைப் பெண்டிர் பல்லக்கு ஏறிப் போனார்கள்.

பூத்த பின் தூதன் மறுபடி வந்து விருந்தாளியாய்த் தங்கினான். அவன் குதிரைகள் எம் மேய்ச்சலில் வாய் வைக்கவில்லை. கொள்ளுப்பை கட்டியபடியே நின்றன. விருந்து வந்த இடத்துப் புல்லைக் குறைக்கக் கூடாதென்ற பணிவு என்று பொதுவனார் மெச்சினார். பணிவுள்ள கூர்மலையானை யாம் பிறந்தது முதல் கண்டதில்லை. பையை அவிழ்த்துவிட்டு மேயவிடச் சொன்னோம். விருந்தாளியின் குதிரையைச் சோதிப்பது நம் குடிக்கு இழுக்கு என்று சபை முழுவதும் எம் வாயை அடைத்தது.

பிறகு எம் குதிரைகள் வைக்கோலை முகர்ந்தும் பார்க்கவில்லை. அந்தப் பூவையே தேடித் தேடித் தின்றன. நிழல் விழுந்த இடத்தில் கட்டை கிடப்பதுபோலக் காலை உயரத் தூக்கித் தாண்டின. கொழுப்பு ஏறிவிட்டது, இனிக் கூர்மலையையே தாண்டும் என்று லாயக்காரர்கள் சிரித்தார்கள்.

மணலாற்றில் கூர்மலையார் ஒரு குதிரையும் இல்லாமல் வந்து நின்றார்கள். வேல் ஓங்கவில்லை. பறையை மட்டும் ஒரேயடியாய் அடித்தார்கள். எம் குதிரைகள் மிரண்டு திரும்பின. திரும்பிய பக்கம் எம் வேல்காரர் நின்றார்கள். மார்பு நொறுங்கும் ஓசை பறைக்கு மேல் கேட்டது. தம் ஆளின் வேலிலேயே குடல் சரிந்த குதிரைகள், அந்தக் குடலைத் தாமே மிதித்துக்கொண்டு ஓடின. ஆற்றில் தண்ணீர் இல்லை. அன்று மணல் நனைந்தது.

தப்பி ஓடும் வழியில் தூதன் எம்மவரிடம் பிடிபட்டான். உங்கள் நிலம், உங்கள் குதிரை, விதைத்ததும் நீங்கள், நான் என்னய்யா செய்தேன் என்று கேட்டுச் சிரித்தான். தூதனைக் கொல்வது முறையன்று என்றார் பொதுவனார். யாம் கை வைக்கவில்லை. பிடித்துக் கட்டிய குதிரைகள் நின்ற தொழுவத்துக்குள் அவனை இறக்கி, வெளியே பறை அடிக்கச் சொன்னோம். எலும்பு பொறுக்கவும் ஆள் உள்ளே போகவில்லை.

அப்போதும் குதிரைகளைக் கொல்லாமல் விட்டோம். அந்தப் பயற்றுப் பூண்டை நிறுத்தி வைக்கோல் போட்டால் தேறும் என்றார்கள் மருத்துவர். தேறியதுபோல்தான் இருந்தது. உன் மைத்துனன் கண்டன் தன் செவலைக்குக் கையில் தண்ணீர் காட்டினான், குடித்தது. ஏறினான், நடந்தது. ஒரு பருந்தின் நிழல் தரையில் ஓடியது, அவ்வளவுதான். அவனைக் கீழே எறிந்து, முழங்காலை அவன் நெஞ்சில் ஊன்றி, முகத்தைக் கடித்து எடுத்தது. எம் வேல் அதன் கழுத்தில் இறங்கியபோதும் மென்றுகொண்டிருந்தது. எம் மகனைத் துணி போர்த்தித்தான் உன் அத்தைக்குக் காட்டினோம். அன்று பொழுது சாய்வதற்குள் ஒரு குதிரை மிச்சமில்லை.

உன் ஓலையும் வந்தது. மாமா அஞ்ச வேண்டாம், என் குதிரைகள் பசுவைப்போல் நிற்கின்றன, கதவைத் திறந்து பாய்ந்தால் கூர்மலையான் வேட்டி அவிழ ஓடுவான் என்று எழுதியிருக்கிறாய். கண்டனின் செவலையும் பசுவைப்போல்தான் நின்றது. நீ கதவைத் திறக்க வேண்டும் என்றுதான் அவர்கள் வருகிறார்கள்.

கொலையை லாயக்காரரிடம் விடாதே. அழுவார்கள், ஒளிப்பார்கள். இங்கே ஒருவன் ஒரு குட்டிக் குதிரையை வைக்கோல் போருக்குள் மறைத்தான். மறுநாள் அவனை அடையாளம் சொல்ல அவன் இடுப்புக் கயிறுதான் உதவியது. அந்தக் குட்டியையும் வெட்டினோம். உன் கையால் கொல். இறைச்சியை எவனும் தின்னக் கூடாது. காய் வெடிக்குமுன் பூண்டை வேரோடு பிடுங்கிக் கொளுத்து. கதவைக் கல் வைத்து அடைத்துச் சுவர்மேல் நின்று போர் செய். எமக்கு இருந்தது ஒரு மகன். இனி இந்நாட்டுக்கு இருப்பவன் நீ. வீரம் காட்டிச் செத்துத் தொலையாதே.

எம் முத்திரை மணலாற்றில் தொலைந்தது. எவன் கையில் இருக்கிறதோ. ஆகவே இவ்வோலையின் அரக்கில் எம் கட்டைவிரலை அழுத்தியிருக்கிறோம். சிறுவயதில் நீ கடித்த தழும்பு அதில் தெரியும், பார்த்துக்கொள். கொண்டுவருபவன் வேட்டுவன் பூதன். கால்நடையாய் ஓடி வருகிறான். அவனுக்குக் கஞ்சி ஊற்று.

கொல்ல வேண்டாம், மன்னர் மனம் மாறினார் என்று எம் முத்திரையோடு இன்னோர் ஓலை வந்தாலும் வரும். அதைக் கொண்டுவருபவன் குதிரைமேல் வந்தால், அவன் வாய் திறக்குமுன் வெட்டு. எம்மிடம் குதிரை இல்லை.

இது விடங்கன் பெருநம்பியின் ஆணை. மறுத்துப் பேச இடமில்லை.