போல்ட் உன் சட்டைப்பையில் இருந்தது

இன்றைக்குக் காலையில் என் டாக்சிக்குள் துப்பாக்கி எண்ணெய் வாசம் அடித்ததடா. பதினைந்து வருஷம் கழித்து அதே வாசம். இன்சீன் பக்கம் ஒரு பர்மியப் பெண் கை காட்டினாள். தோளில் நீளப் பெட்டி, அதில் இரண்டு பூட்டு. சுடும் மைதானத்துக்குப் போகவேண்டுமாம். டிக்கியில் பெட்டியை வைத்து, கொண்டுவந்த சங்கிலியால் கம்பியோடு பிணைத்தாள். "ஊலே, வழியில எங்கயும் நிறுத்தாதீங்க, டிக்கியைத் திறக்காதீங்க" என்றாள். மாமா என்று கூப்பிட்டதும் எனக்கு வாய் நிற்கவில்லை. "போல்ட் எங்கேம்மா, அதே பெட்டியிலயா?" என்று கேட்டேன். திகைத்துப்போய்க் கைப்பையைத் தட்டிக் காட்டினாள். நான் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு ஓட்டினேன். இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுக்காமல் கற்றுக்கொடுத்தவன் நீதானே.

உன்னை நான் என்ன பாடு படுத்தியிருக்கிறேன். சுடும் கிளப்பின் துப்பாக்கியை வீட்டில் வைக்க உனக்கு அனுமதிச் சீட்டுக் கொடுத்திருந்தார்கள். உன் வீட்டில் தரையோடு முடுக்கிய இரும்புப் பெட்டி. அதன் சாவி உன் கழுத்துச் சிலுவையோடு தொங்கும். பின்பக்கம் மாட்டுகிற அந்த இரும்புத் துண்டு, போல்ட், அது இல்லாமல் சுட முடியாது என்பதால் அதற்குத் தனிப் பூட்டு. தோட்டா கிளப்பை விட்டு வெளியே வரவே கூடாது. என் பிக்கப்பில் ஏற்றினால் பெட்டிக்குச் சங்கிலி, போல்ட் உன் சட்டைப்பையில். டீ குடிக்கக்கூட இறங்கமாட்டாய். "பொண்டாட்டியைக்கூட இப்படிக் காவல் காத்திருக்க மாட்டே" என்பேன். "பொண்டாட்டி தவறிச் சுடமாட்டா" என்பாய்.

தின்கன்ஜூனில் என் வீட்டு ஆயுத பூஜைக்கு உன் துப்பாக்கி வரவேண்டும் என்று எத்தனை வருஷம் சண்டை போட்டேன். "ஸ்பேனருக்குப் பொட்டு வைக்கிறோம், ஜாக்கிக்குப் பொட்டு வைக்கிறோம், நிஜ ஆயுதம் பக்கத்துத் தெருவுல சும்மா கிடக்குது. சாமி என்னைக் கேக்காதா?" உனக்குச் சாமி வேறு என்றாலும், என் வீட்டுக்காரி "ஒரு தடவை கொண்டாங்கண்ணே" என்று கேட்டதும் இளகிவிட்டாய். மறுநாள் உனக்குத் தேர்வுப் போட்டி வேறு. எனக்கு ஒரே குஷி.

அன்று காலைப் பயிற்சி முடிந்ததும் மைதானத்து வாசலிலேயே வண்டியை நிறுத்தி ஹாரனை அமுக்கினேன். "பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும், வாடா." நீ எப்போதும் போல்ட்டைக் கழற்றியதும் குழலை வானத்துக்கு நேரே பிடித்து, உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பாய். அன்று நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. நீ போல்ட்டைப் பையில் போட்டாய், பெட்டியைப் பூட்டினாய், ஓடிவந்து ஏறினாய்.

பூஜை அமர்க்களம். மகளின் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கும் என் ஸ்பேனருக்கும் நடுவில் உன் துப்பாக்கி, சந்தனமும் குங்குமமுமாக. "போல்ட்டையும் மாட்டுடா, மூளியா இருக்கு. கை இல்லாத ஆளுக்கு வளையல் போட்ட மாதிரி" என்று எல்லோர் முன்னாலும் கேலி பண்ணினேன். நீ சிரித்துச் சமாளித்தாய்.

தீபாராதனை முடிந்ததுமே பூட்டி வைக்கவேண்டும் என்றாய். எனக்கு வந்ததே கோபம். பூஜையில் வைத்ததை மறுநாள் பூஜை முடியாமல் யாராவது தொடுவார்களா? "அப்ப நான் இது பக்கத்துலயே உக்காந்துருக்கேன்" என்றாய். "என் வீட்டுலயே எனக்குக் காவலா? வாடா, பூசணிக்காய் உடைக்கணும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டிலிருந்த அத்தனை பேரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

பிக்கப்புக்கு முன்னால் பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கி நின்றேன். ஜன்னல் பக்கமிருந்து "அப்பா" என்று ஒரு குரல். என் மகள், எட்டு வயசு. உன் துப்பாக்கியை ஜன்னல் கட்டையில் முட்டுக்கொடுத்து, உன்னைப் போலவே ஒரு கண்ணை மூடி, என் நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தாள். "டுமீல்" என்று கத்தி விசையை அழுத்தினாள். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நீ சிரிக்கவில்லை. பாய்ந்து உள்ளே போய் ஒரு கையால் குழலை மேலே தூக்கினாய், மறு கையால் அவளைத் தூக்கினாய். பிறகு கொல்லைப்பக்கம் போய்க் குழலுக்குள் பார்த்தாய். நான் பின்னாலேயே வந்து, "என்னடா இவ்வளவு பதட்டம்?" என்றேன். "வெளிச்சம் தெரியலை" என்றாய். துடைக்கிற கம்பியை விட்டு மெல்லத் தள்ளினாய். உன் உள்ளங்கையில் ஒரு தோட்டா விழுந்தது. சுடாத தோட்டா. போல்ட்டின் கொக்கி தேய்ந்து வழுக்கி, அதை இழுக்காமல் உள்ளேயே விட்டுவிட்டதாம். பூசணிக்காய் என் கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. அதுவரை அதைச் சுமந்துகொண்டிருந்ததே எனக்குத் தெரியாது.

"பாக்காம எடுத்தது என் தப்பு" என்றாய். ஹாரனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கே தோட்டாவைக் கிளப்பில் ஒப்படைத்து, நடந்ததைச் சொல்லி, வயிறு நிறையத் திட்டு வாங்கிக்கொண்டாய். புதுக் கொக்கி மாட்டி மறுநாள் சுட விட்டார்கள். அடேயப்பா, என்ன சுடு சுட்டாய். தேர்வானவர்களில் உன் பெயரை வாசித்தபோது நொண்டிக் காலோடு நான் குதித்த குதியில் பக்கத்திலிருந்த பர்மியக் கிழவர் என் லுங்கியைப் பிடித்து உட்கார வைத்தார்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதுதான் மிச்சத்தைச் சொன்னாய். "அன்னிக்கு நீ மூளின்னு கேலி பண்ணினப்ப மானம் போற மாதிரி இருந்துச்சுப்பா. மாட்டிரலாம்னு பைக்குள்ள கையை விட்டேன். போல்ட்டு கையில வந்துருச்சு. என்னவோ, திரும்பப் போட்டுட்டேன்."

அதைக் கேட்ட நாளிலிருந்து நான் ஜாக்கிரதைக்காரன் யாரையும் கேலி பண்ணுவதில்லை. என் மகளுக்கு இப்போது இருபத்து மூன்று வயசு. தோட்டாவைப் பற்றி நாம் இருவரும் அவளிடம் சொல்லவே இல்லை. பூஜையன்று அப்பா காலில் பூசணிக்காயைப் போட்டுக்கொண்டு நொண்டினார் என்பது மட்டும்தான் அவளுக்கு ஞாபகம். நேற்றுகூட அதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.