நிலையான முகவரி இல்லாத வீடு

குருநகர்,
நவம்பர் 5

அன்புள்ள றொகானுக்கு,

நான் கூட வர மறுத்ததால் நீங்கள் கோபித்துக்கொண்டு டோகாவுக்கு வேலைக்குப் போன பிறகு நான் எழுதும் முதல் கடிதம். அதுவும் உதவி கேட்டு.

எங்கள் நண்டுக் கொம்பனிக்கென்று நீங்கள் முன்னறையில் பொருத்திப் பூட்டிய மெயில் சேர்வர், எங்கள் மின்கடிதங்களை வாங்கி அனுப்பும் அந்தப் பெட்டி, இன்னும் ஓடுகிறது. ஆனால் கரண்ட் போய் வந்தால் வீட்டின் இணைய முகவரி மாறிவிடுகிறது. வரும் கடிதங்களுக்கு வழி தெரிவதில்லை. நான் அனுப்புபவற்றைக் கள்ளக் கடிதம் என்று திருப்பிவிடுகிறார்கள். நிலையான முகவரி எங்கள் ஒழுங்கை மாதிரிச் சின்னத் தெருவுக்குக் கிடைக்காதாம். இதைக்கூட என் சொந்தக் கணக்கிலிருந்துதான் எழுதுகிறேன். எங்கள் நண்டை வாங்கும் சிங்கப்பூர்க்காரர் கொம்பனிப் பெயரில் வராத கடிதத்தைத் திறப்பதில்லை. அவர்களின் ஓடர் தவறினால் நண்டு உடைக்கும் பெண்களுக்கு வேலையில்லை.

கடிதங்களை வேறொரு நிறுவனத்தின் சேர்வருக்கு மாற்றலாம். நீங்கள் பூட்டியதைக் கழற்ற மனம் வரவில்லை. எங்களோடு வேலை செய்யும் தங்கமுத்தக்காதான், “உன்ரை மனுசன்தானே, றொகான் தம்பியைக் கேளன் பிள்ளை” என்றா.

ஷெரோன்


டோகா,
நவம்பர் 8

அன்புள்ள ஷெரோனுக்கு,

ஒரு சின்னக் கணினி நிரல் அனுப்பியிருக்கிறேன். முகவரி மாறியதும் புதியதை அது தானே எங்கள் கொம்பனிப் பெயரில் பதிந்துவிடும். நீர் அனுப்புபவை இனி நிலையான முகவரியுள்ள ஓர் அஞ்சல் நிறுவனத்தின் ஊடாகப் போகட்டும். அவர்களை எல்லோரும் நம்புவார்கள். விபரம் கீழே.

நீர் சாப்பிடுகிறீரா?

றொகான்


டோகா,
நவம்பர் 27

ஷெரோன்,

புயல் என்று செய்தியில் பார்த்தேன். உம்முடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. கொம்பனி முகவரிக்கு எழுதுகிறேன், அதுவும் போய்ச் சேருமோ தெரியாது. எனக்கு வேலை ஓடவில்லை. எங்கே இருக்கிறீர்?

றொகான்


குருநகர்,
நவம்பர் 30

அன்புள்ள றொகான்,

சுகமாக இருக்கிறேன். எல்லோரும் கோயில் மண்டபத்தில் இருந்தோம். முன்னறைக்குள் வெள்ளம் வரவில்லை.

இன்று கரண்ட் வந்ததும் சேர்வரைப் போட்டேன். புது முகவரி; உங்கள் நிரல் அதைத் தானே பதிந்தது. புயல் நாட்களில் வராமல் போன கடிதங்கள் போனவைதான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒன்று வந்து விழுந்தது. பிறகு இன்னொன்று. சிங்கப்பூர் ஓடரும் வந்தது! எல்லாம் அந்த நாட்களில் எழுதியவை. தங்கமுத்தக்கா கண்ணை அகல விரித்து, “இவ்வளவு நாளும் உதுகள் எங்கையடி நிண்டதுகள்?” என்றா. அனுப்பிய இடத்திலேயே காத்திருந்து, கதவு திறக்கும் வரைக்கும் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தன என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. எங்களைத் தெரியாத இயந்திரங்கள், றொகான். நாங்கள் இருட்டில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த நேரமெல்லாம் எங்கள் வீட்டைத் தேடியிருக்கின்றன. தங்கமுத்தக்கா சிலுவை போட்டுக்கொண்டா.

கடைசியாக வந்தது உங்கள் கடிதம். அதைப் பெண்களுக்குக் காட்டவில்லை.

நான் டோகாவுக்கு வரமாட்டேன். அது மாறாது. ஆனால் வரும் மாதம் நத்தார்ப் பண்டிகைக்கு லீவு எடுத்து வாங்கோ. திரும்பிப் போறதைப் பற்றி வந்த பிறகு கதைப்பம்.

உங்கள்
ஷெரோன்