சொல்லாமல் விட்ட சிவப்புக் கோடு

12-8-1966, வெள்ளி

பழனியப்பன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கம்ப்யூட்டர் செய்த வேலை என்று ஆபீசில் பேசிக்கொள்கிறார்கள். நான் செய்த வேலை.

சிங்கப்பூர்த் துறைமுகக் கிடங்கில் யாருக்கு என்ன வேலை என்று இத்தனை வருஷமும் நான்தான் பிரித்தேன். முதுகில் அடிபட்டவன் பெயருக்குப் பக்கத்தில், ரிஜிஸ்டரில் சிவப்புக் கோடு போடுவேன். அவனை மூட்டை தூக்க அனுப்பக் கூடாது. இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த வாரம் முதல் கம்ப்யூட்டர் பிரிக்கிறது. பட்டியல் நேராக, ஆட்களை வேலை வாங்கும் மண்டோரிடம் போய்விடுகிறது. அதற்குப் புரோகிராம் எழுதிய சண்முகம் சார் போன மாதம் என் ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று இங்கிலீஷில் கேட்டார். என்னுடையது ஏழாம் வகுப்பு இங்கிலீஷ். அந்தக் கோடு எதற்கென்று அதில் விளக்கி முடிப்பதற்குள் அவர் ரிட்டையர் ஆகிவிடுவார். "நோ சார்" என்றேன், பெரிய துரை மாதிரி.

இன்று கம்ப்யூட்டர், கோடு போட்ட பழனியப்பனை அரிசி மூட்டைக்கு அனுப்பிவிட்டது. நாலாவது மூட்டையில் விழுந்துவிட்டான்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். "முடியாதுன்னு சொல்லியிருக்கலாமேடா."

"நீங்க அனுப்பினா யோசிச்சுத்தான் அனுப்பியிருப்பீங்கன்னு நினைச்சேண்ணே."

சிராங்கூன் ரோட்டு வீட்டுக்குத் திரும்பி வந்து மகளிடம் சொன்னேன். "அந்த சாரும் தமிழர்தானேப்பா. தமிழ்லயே சொல்லியிருக்கலாம்லா" என்றாள்.

தமிழில் பேசினால் படிக்காதவன் என்று நினைப்பாரே என்று பயந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

இன்னும் ஆறு பேர் பெயருக்குப் பக்கத்தில் கோடு இருக்கிறது. நாளைக்கு அவர்களில் யாரை மூட்டைக்கு அனுப்புமோ. விடிந்ததும் சண்முகம் சார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். தமிழில்தான் சொல்லப்போகிறேன். என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.