‘வேண்டாதவை’ என்ற அடுக்கு

அக்கா,

சென்ற திங்கட்கிழமை காலை, நம் அலுவலகக் கணினித் திரையில் ஒரு சிவப்புக் கோடு தோன்றியது. அது நீங்கள் வரைந்தது. நீங்கள் இறந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. உங்கள் நாற்காலியில் இப்போது முத்துலட்சுமி இருக்கிறார். மாற்றலாகி வந்த வரைவாளர். நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். கோட்டைக் கண்டதும் திரையை நோக்கிக் குனிந்தேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை தவறினால் எனக்குச் சிந்தனை ஓடாது என்பது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் சித்தப்பாவின் கரிசல் நிலத்தை அவருடைய பிள்ளைகள் சூரிய மின்சார நிறுவனம் ஒன்றுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். வேலிக்குக் கல் ஊன்ற ஆட்கள் வந்தபோது காலனி மக்கள் திரண்டு வந்து தடுத்தார்கள். தங்கள் வீட்டுப் பிணங்களைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக இருக்கும் ஒரே பாதை அந்த நிலத்தின் குறுக்கேதான் போகிறது என்பது அவர்களுடைய மனு. நிறுவனத்தின் பதில் ஒரே வரி: நில அளவை வரைபடத்தில் அப்படியொரு பாதை இல்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன் அந்த வரைபடத்தை வரைந்தவர் நீங்கள். சரிபார்த்துக் கையெழுத்திட்டவன் நான். விசாரணைக்குப் பிரதி வேண்டும் என்றார்கள். அதற்காகத்தான் கோப்பைத் திறக்கச் சொன்னேன்.

“சார், இதுல ஒரு லேயரு அணைச்சுக் கெடக்கு. ‘வேண்டாதவை’ன்னு பேரு போட்டிருக்கு,” என்றார் முத்துலட்சுமி.

கணினி வரைபடம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்களைப் போன்றது என்று எனக்கு விளக்கியவர் நீங்கள். எல்லைகள் ஒரு தாளில், கிணறுகள் ஒரு தாளில், கற்கள் ஒரு தாளில். ஒரு தாளை அணைத்துவிட்டால் அது திரையில் தெரியாது, அச்சிலும் வராது. ஆனால் கோப்புக்குள் இருக்கும். பிசகிய கோடுகளைத் தள்ளிவைக்க வரைவாளர்கள் இப்படி ஒரு குப்பை அடுக்கு வைத்துக்கொள்வது வழக்கம். அதை ஒப்படைக்கும் முன் அழித்துவிட வேண்டும் என்பது விதி.

“குப்பைதான? அழிச்சிருங்க,” என்றேன்.

“என்ன இருக்குன்னு பாத்துட்டு அழிப்பமே சார். எங்க போகப் போகுது?”

அவர் அந்த அடுக்கைத் திரையில் ஏற்றினார். காலனியின் கடைசி வீட்டுச் சுவரில் தொடங்கி, உங்கள் சித்தப்பாவின் நிலத்தை ஊடறுத்து, ஐந்து திருப்பங்களுடன் சுடுகாட்டு எல்லைக்கல் வரை அந்தக் கோடு போயிற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் அளவு இருந்தது. மூன்றாவது திருப்பத்தின் அருகே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: ‘இங்க பாடைய எறக்கித் தோள் மாத்துவாக.’ அலுவலக நடையில்கூட எழுதவில்லை. உங்கள் குரல் அப்படியே கேட்டது. ஓரத்தில், ‘அளந்தவர்’ என்று உங்கள் பெயரும், ‘நாடா பிடித்தவர்: பேச்சி’ என்றும் இருந்தது. அளந்தவர், நாடா பிடித்தவர் பெயர் இல்லாத அளவு செல்லாது என்று சுவரில் சுற்றறிக்கை ஒட்டியவன் நான். ஒளித்து வரைந்த இடத்திலும் நீங்கள் அதை மீறவில்லை.

கோப்பின் விவரத்தைத் திறக்கச் சொன்னேன். எவர் சொல்லாவிட்டாலும் கோப்பு தன் நாட்களைத் தானே குறித்துவைத்துக்கொள்கிறது. கடைசியாகத் திருத்தப்பட்ட நாள், நான் கையெழுத்திட்டதற்கு மறுநாள்.

அக்கா, கையெழுத்தான ஆவணத்தைப் பின்னர் திருத்துவது குற்றம். வேறொருவர் செய்திருந்தால் அன்று மதியத்துக்குள் மேலிடத்துக்கு எழுதியிருப்பேன். உங்களைப் பற்றி அப்படி ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் கட்டிப் பார்த்தேன், அது முடியவில்லை. அதைவிடப் பேரதிர்ச்சி என்னைப் பற்றியது. ஒவ்வொரு அச்சுத் தாளையும் அளவுகோல் வைத்து மில்லிமீட்டர் பிசகாமல் சரிபார்த்ததாகப் பெருமை கொண்டவன், ஒரு கோப்பைக்கூட உள்ளே திறந்து பார்த்ததில்லை. விதி தாளைத்தான் பார்க்கச் சொன்னது.

“தம்பி தோசையக்கூட ஸ்கேல் வச்சுத்தான் பிப்பாரு,” என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்வீர்கள். நானும் சிரிப்பேன். ஒன்பது ஆண்டுகள் அடுத்தடுத்த மேசை. உங்கள் டப்பாவில் கம்மஞ்சோறு இருந்தால் பாதி என் மூடியில் விழும்; கேட்க வேண்டியதில்லை.

அந்த வரைபடத்தைப் பற்றி நீங்கள் பேச வந்த நாளும் நினைவிருக்கிறது.

“தம்பி, அங்கன ஒரு பாதை இருக்கு. காலங்காலமா நடக்காக. அதையும் போட்டுரலாமா?”

“பழைய பதிவேட்டுல இல்லியேக்கா.”

“எங்க சித்தப்பா நெலம் அது. நானே சொல்றேன், வேற என்ன சாட்சி வேணும்?”

“நிலத்துக்காரர் ஒப்புதல் கையெழுத்து வேணும்.”

“அது சரி! அவுக கையெழுத்துப் போடுறவுகன்னா நான் எதுக்கு ஒங்ககிட்ட வாரேன்?”

“அப்ப வரையக் கூடாதுக்கா. விதி அதுதான்.”

நீங்கள் வாதாடவில்லை. விதியை எடுத்துச் சொன்னதால் நான் சரியாக நடந்துகொண்டேன் என்றே அன்று எண்ணினேன்.

புதன்கிழமை நாடாவை எடுத்துக்கொண்டு எம்.ரெட்டியபட்டி வழியாகப் பஸ்ஸில் போனேன். பேச்சியைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. உங்கள் சித்தப்பா நிலத்தில் பருத்தி எடுக்கப் போய்க்கொண்டிருந்தவராம்.

“அந்தம்மாவா? நெலத்தப் பாக்க வந்தவுக மாதிரி வந்தாக. டேப்ப முந்தானைல சுத்தி வச்சிருந்தாக. ஒரு நுனிய நான் புடிச்சேன். ‘எங்கெங்க எறக்குவீக’ன்னு கேட்டாக. ஒரு எடந்தான், எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் நாலு எடம்னேன். சும்மாவா, அம்புட்டுக் கனம்!” சிரித்துவிட்டு என் கையிலிருந்த நாடாவைப் பார்த்தார். “நீங்க ஏன் சார் இம்புட்டு லேட்டு?”

நுனியை அவரிடம் கொடுத்தேன். நான்கு திருப்பங்கள் உங்கள் அளவோடு பொருந்தின. ஐந்தாவதில் ஒன்றரை மீட்டர் வேறுபாடு: சீமைக்கருவேல் மண்டியதால் பாதை ஒதுங்கியிருந்தது. அதையும் குறித்தேன்.

வெள்ளிக்கிழமை விசாரணை. கோடு இல்லாத அச்சு, கோடு உள்ள அச்சு என இரு பிரதிகளையும் அதிகாரி அருகருகே வைத்துக் கேட்டார்: “இந்தக் கோட்டை யார் உத்தரவில் வரைந்தார்கள்?” என் உத்தரவு என்று ஒரு சொல் சொன்னால் பாதை அன்றே நிலைத்திருக்கும், உங்கள் பெயருக்கும் ஒரு கீறல் விழாது. எதிர்த் தரப்பு வழக்கறிஞர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். உங்கள் சித்தப்பா மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சி வாசலருகே நின்றார்.

“என் உத்தரவை மீறி வரைந்தது. என் உத்தரவுதான் தவறு,” என்றேன். “இருக்கும் பாதையை நேரில் போய்ப் பார்க்காமலே இல்லை என்று சொன்னேன். அதனால் நேற்று முன்தினம் நானே அளந்தேன். இது என் கையெழுத்து.”

வழக்கறிஞர் நெடுநேரம் பேசினார். முடிவில், இறுதி உத்தரவு வரும்வரை பாதையை அடைக்கக் கூடாது என்றார் அதிகாரி. அதே மாலையில் எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. கோப்பு ஏன் முழுமையாகச் சரிபார்க்கப்படவில்லை என்பது அதன் கேள்வி. பதிலை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உங்களுக்கு எழுதுவதுதான் முடியவில்லை. திங்கள் முதல் ஒரு வருத்தம் என்னை அரித்தது: இத்தனை ஆண்டு பக்கத்தில் இருந்தவனிடம் ஏன் ஒளித்தீர்கள்? இந்த மடலை எழுதும்போதுதான் புரிகிறது, நீங்கள் ஒளிக்கவில்லை. முதலில் என் மேசைக்குத்தான் கொண்டுவந்தீர்கள். நின்றுகொண்டே கேட்டீர்கள். நான் சொன்ன விதி எண்கூட நினைவிருக்கிறது. ஆனால் அன்று தாளிலிருந்து தலையைத் தூக்கி உங்கள் முகத்தைப் பார்த்தேனா என்பது, எவ்வளவு யோசித்தும், எனக்கு நினைவுக்கு வரவில்லை.