படத்தில் இல்லாத தாடி

வெள்ளவத்தை

அன்பு மகள் உஷாந்திக்கு,

நீயும் மருமகனும் பிள்ளைகளும் அந்தக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கப் பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன், இங்கு நாங்கள் சுகம். அண்ணாவின் மகள் ரூபிகா கம்பஸ் சோதனையில் முதலாவதாக வந்திருக்கிறாள், ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படி ஒரு பேத்தி என்று பாமன்கடைச் சந்தி வரைக்கும் சொல்லிவிட்டேன். நேற்று ரூபிகா சொன்னதைக் கேட்டு, அந்தக் கார்க்காரரைப் பற்றிக் கம்பனிக்கு முறைப்பாடு எழுதப்போகிறேன் என்று கோபத்தில் போனை வைத்துவிட்டாய், என்னைக் கதைக்க விடவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம், ரூபிகா படம் எடுத்து அனுப்புவாள்.

கண் கிளினிக்குக்குப் போகப் போனில் கார் கூப்பிட்டோம், வருகிறேன் என்ற மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கேன்சல் பண்ணினார்கள். கிட்டத்து ஓட்டம் என்றோ, நேசமலர் என்ற பெயரைப் பார்த்தோ, யாருக்குத் தெரியும். ரூபிகா என் பெயரை நிலு என்று சிங்களப் பெயராக மாற்றினாள், அடுத்த கார் உடனே வந்தது. வந்தவருக்கு நெஞ்சு வரை தாடி, போனில் உள்ள படத்தில் தாடியே இல்லை. முகம் ஒத்துவராவிட்டால் ஏறக்கூடாது என்று நீ சொன்னபடி நான் ஏறாமல் நின்றேன். அவர் இறங்கி வந்து அடையாள அட்டையைக் காட்டினார், பெயர் முர்ஷித், மட்டக்குளிக்காரர். "பேரை மறைக்க ஏலாதும்மா, தாடியையாவது மறைச்சேன். தாடியோட படம் போட்டிருந்த மாசம் பாதிப் பேர் கேன்சல் பண்ணிட்டாங்க" என்றார். பிறகு என் பொட்டைப் பார்த்துச் சிரித்து, "நீங்க மட்டும் நிலுவா?" என்றார். நான் ஏறிவிட்டேன். கிளினிக் படியில் கைபிடித்து ஏற்றிவிட்டுத்தான் போனார்.

ஆளை அறிய ஒரு படம் வேண்டும் என்று நீ சொல்வது சரிதான் பிள்ளை, ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துத்தானே ஆளை வேண்டாம் என்கிறார்கள். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, தாடிப் படத்தை முதலே கண்டிருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் ரூபிகாவுக்குச் சொல்லியிருப்பேன். இரவெல்லாம் இதைத்தான் யோசித்தேன்.

என் பெயரைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டேன், கார் வரச் சுணங்கினால் சுணங்கட்டும், இனி அரை மணி முந்தி வெள்ளென வெளிக்கிடுகிறேன். முறைப்பாடு போனால் அவரை ஓட விடமாட்டார்களாம், அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் அந்தக் கார்தான் சோறு என்று வழியில் சொன்னார். இதற்குப் பிறகும் எழுதத்தான் வேண்டும் என்றால் என்னையும் சேர்த்து எழுது, பொய்ப் பெயரில் ஏறினவள் என்று.

சின்னவனுக்குக் காது மூடித் தொப்பி போட மறக்காதே. எல்லாரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க என் ஆசீர்வாதம்.

உன் அம்மா
தியாகராசா நேசமலர்