முழங்கைத் தாழ்ப்பாள்

அன்பு மகளுக்கு,

நேற்று ஓர் இளைஞர் கதவுத் தாழ்ப்பாள் ஒன்றைக் கொண்டுவந்தார். காப்புரிமை வாங்க வேண்டுமாம். காப்புரிமை வழக்கறிஞனாக எத்தனையோ தாழ்ப்பாள்களைப் பார்த்துவிட்டேன். இது முழங்கையால் தள்ளினாலே திறக்கிறது. மேசையில் வைத்து, குழந்தை மாதிரி, திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தேன்.

“கைக்குழந்தையைத் தூக்கிட்டுக் கதவைத் திறக்கத்தான் சார்.”

“யோசனை உங்களோடதா? கண்டுபிடிச்சவர் பேரை மாத்திச் சொன்னா காப்புரிமை நிக்காது.”

“என் மனைவியோடது. நான் செஞ்சு மட்டும்தான் கொடுத்தேன்.”

“அப்போ அவங்க ஏன் வரலை?”

அவர் தாழ்ப்பாளைப் பார்த்தபடியே, “நீங்க கூப்பிடலையே, மாமா” என்றார்.

மாப்பிள்ளையின் முகத்தை நேற்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நல்ல முகம்.

சொந்த மகளுக்கு நானே விண்ணப்பம் எழுதுவது முறையாகாது. எதிர் அறை வழக்கறிஞரிடம் ஒப்படைத்துவிட்டேன். கெட்டிக்காரர், கவலைப்படாதே.

எனக்குத்தான் கேள்விகள் தீரவில்லை. குழந்தையை எந்த இடுப்பில் வைத்துக்கொள்கிறாய்? கதவு திறந்ததும் அது சிரிக்கிறதா? ஆணா பெண்ணா என்று மாப்பிள்ளையிடம் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

இனி உன் வீட்டுக்கு வர எனக்கு அலுவல் காரணம் எதுவுமில்லை. சும்மா வரட்டுமா?

உன் அப்பா